அறிவார்ந்த இல்லச் சாதனங்களுக்கான கூறுநிலை நிரலகம்: காரைக்கால் கடலோரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விளக்கு, மின்விசிறி, நீரேற்று மோட்டார் முதலிய வீட்டுச் சாதனங்களை மென்பொருள்வழி இயக்குவதற்கான நிரலகத்தை எந்த அடிப்படையில் கூறுகளாகப் பிரிப்பது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்தடையும் இணையத் துண்டிப்பும் இயல்பாகவுள்ள காவிரிக் கழிமுகக் கடலோரத்தில், நிறுவனப் பெயரை அடிப்படையாகக் கொண்ட பிரிப்பு போதாது என்பதும், மாறக்கூடியவற்றையும் அறுந்துபோகக்கூடியவற்றையும் தனித்தனியே மறைத்துவைக்கும் பிரிப்பே பயன்தரும் என்பதும் இதன் கருத்து. தமிழில் பெயரிடுதல், தமிழில் கட்டளையிடுதல் ஆகியவற்றால் எழும் சிக்கல்களும் இவ்வடிப்படையிலேயே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூறுநிலை வடிவமைப்பு, நிரலகம், சாதன நிலை, மின்தடை, ஒருங்குறி இயல்பாக்கம், காரைக்கால்

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு பிரிவான காரைக்கால், மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த, சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிலத்துண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. புயல் இப்பகுதிக்குப் புதிதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. புயல் இல்லாத நாள்களிலும் மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதும் இணைய இணைப்பு அறுவதும் இங்கு வாழ்க்கையின் பகுதி.

அறிவார்ந்த இல்லம் குறித்த பாடநூல் விளக்கங்கள் பெரும்பாலும் இந்நிலையைக் கணக்கில் கொள்வதில்லை. மின்சாரமும் இணையமும் எப்போதும் உண்டு என்ற எடுகோளின் மீதே அவை எழுப்பப்பட்டுள்ளன. அந்த எடுகோள் விலகும்போது நிரலகத்தின் உள்ளமைப்பு எவ்வாறு மாறவேண்டும் என்பதே இங்கு எழும் வினா. காரைக்காலில் 2010 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. மாணவர் திட்டப்பணிகளில் ‘வீட்டுத் தானியக்கம்’ மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் தலைப்பு என்பதால், இவ்வினாவுக்குக் கற்பித்தல் சார்ந்த பயனும் உண்டு.

சொல்லடைவிலிருந்து ஒரு பாடம்

நிரலைக் கூறுகளாகப் பிரிக்கும் அளவுகோல் குறித்து டேவிட் பார்னாஸ் 1972 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை, மென்பொருள் பொறியியலில் இன்றும் அடிப்படையானது. அவர் எடுத்துக்கொண்ட சான்று தமிழாய்வாளருக்கு நன்கு அறிமுகமான ஒன்று: சூழலுடன் கூடிய சொல்லடைவைத் தயாரிக்கும் நிரல். அதை அவர் இருவகையாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகையில் உள்ளீடு, வரிகளைச் சுழற்றுதல், அகரவரிசைப்படுத்தல், வெளியீடு என வேலை நடக்கும் வரிசையே கூறுகளின் வரிசையாக அமைந்தது. இரண்டாவதில் ஒவ்வொரு கூறும் ஒரு வடிவமைப்பு முடிவைத் தனக்குள் மறைத்துக்கொண்டது. வரிகள் நினைவகத்தில் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பதை ஒரே ஒரு கூறு மட்டும் அறியும். சேமிப்பு முறையை மாற்றினால் முதல் பிரிப்பில் ஏறத்தாழ எல்லாக் கூறுகளையும் திருத்தவேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் திருத்தினால் போதும்.

வீட்டுச் சாதன நிரலகங்களில் முதல் வகைப் பிழை வேறு உருவில் வருகிறது. இங்குக் கூறுகள் நிறுவனத்தின் பெயரால் பிரிக்கப்படுகின்றன: இந்த நிறுவனத்தின் விளக்குக்கு ஒரு கோப்பு, அந்த நிறுவனத்தின் விசிறிக்கு மற்றொரு கோப்பு. ஒவ்வொரு கோப்பினுள்ளும் இணைப்பை ஏற்படுத்துவது, செய்தியைக் குறிமுறையாக்குவது, மறுமுயற்சி செய்வது, நிலையை நினைவில் வைப்பது என அனைத்தும் பின்னிக் கிடக்கின்றன. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற ஒரே முடிவு பத்து இடங்களில் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும். இது ஒழுங்கான பிரிப்பு போலத் தோன்றுவதே இதன் ஆபத்து.

பார்னாசின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால் மறைக்கவேண்டிய முடிவுகள் வேறு. செய்தி எவ்வழியே செல்கிறது என்பது ஒன்று: கம்பியில்லா இணையம், சிக்பீ, தொடர் முனையம், அகச்சிவப்பு ஒளி. செய்தியின் வடிவம் மற்றொன்று. சாதனத்துக்கு என்னென்ன திறன்கள் உண்டு என்பது மூன்றாவது. இவை தவிர, சாதனத்தின் இப்போதைய நிலை பற்றி நிரலுக்கு என்ன தெரியும் என்பதும், இப்போது மணி என்ன என்பதும், மனிதர் அச்சாதனத்தை எப்பெயரால் அழைக்கிறார் என்பதும் தனித்தனியே மறைக்கத்தக்கவை. பின்னவை மூன்றும் பொதுவாகக் கூறுகளாகவே கருதப்படுவதில்லை.

நடப்பிலுள்ள திறமூல அமைப்புகளில் இந்தப் போக்கு ஓரளவு காணப்படுகிறது. கை குரோய்சர் 2010-இல் தொடங்கிய ஓப்பன்ஹாப், பொருள்சார்ந்த ‘சாதனம்’, அதன் ‘தடம்’, பயனர் காணும் ‘உருப்படி’ ஆகியவற்றை வேறுவேறாக வைக்கிறது. பௌலஸ் ஷௌட்சன் 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், சாதனத்துடன் நேரடியாகப் பேசும் நிரற்பகுதி தன் மூலநிரலுக்குள் இடம்பெறக்கூடாது, பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியத்தில் தனி நிரலகமாக வெளியிடப்படவேண்டும் என விதித்துள்ளது. இவ்விதியால் அத்தனி நிரலகத்தை வேறு எவரும் வேறு பணிக்கும் எடுத்தாள முடிகிறது. 2022 அக்டோபரில் முதற்பதிப்பு வெளிவந்த மேட்டர் தரமும் சாதனத்தை ஒரு வகைப்பெயரால் அன்றி, அதனுள் அடங்கிய திறன்தொகுதிகளால் விவரிக்கிறது. விளக்குப் பொருத்திய மின்விசிறி விளக்கா விசிறியா என்ற வினாவே அங்கு எழாது.

தெரியாது என்னும் நிலை

சாதனத்தின் நிலையை ‘இயங்குகிறது’, ‘நிற்கிறது’ என்ற இரு மதிப்புகளால் குறிப்பதே தொடக்கநிலை நிரலர்களின் வழக்கம். இது போதாது. நிரல் அனுப்பிய கட்டளை ஒன்று. சாதனம் அறிவித்த நிலை வேறொன்று. இரண்டுக்கும் இடையே காலம் உண்டு. ஆகவே நிலைக் காப்பகம் என்னும் கூறு குறைந்தது மூன்று செய்திகளைத் தாங்கவேண்டும்: விரும்பிய நிலை, அறிவிக்கப்பட்ட நிலை, அந்த அறிவிப்பு வந்த நேரம். அறிவிப்பு பழையதாகிவிட்டால் நிலை ‘தெரியாது’ என மாறவேண்டும். ஓப்பன்ஹாப்பும் ஹோம் அசிஸ்டன்ட்டும் அறியப்படாத நிலைக்குத் தனி மதிப்புகளை வைத்துள்ளன. பின்னது, ஊகித்த நிலை என்பதையும் வெளிப்படையாகக் குறிக்கிறது.

ஊகித்த நிலை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வீட்டுத் தானியக்கத்தின் முன்னோடியான எக்ஸ்10 நெறிமுறை 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவாயிற்று. 16 வீட்டுக் குறியீடுகள், ஒவ்வொன்றிலும் 16 சாதனக் குறியீடுகள் என 256 முகவரிகளை மின்கம்பி வழியாகவே அழைத்தது. அதன் பெரும்பாலான சாதனங்கள் கட்டளையைப் பெற்றனவே தவிர மறுமொழி கூறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, அகச்சிவப்புத் தொலையியக்கியுடன் விற்கப்படும் இந்திய மின்சிக்கன விசிறிகளில் அதே நிலை மீண்டும் காணப்படுகிறது. ஒளிக்கற்றை சென்றது, விசிறி அதைப் பெற்றதா என்பதை அறிய வழியில்லை. வீட்டிலுள்ளவர் சுவரிலுள்ள பொத்தானை அணைத்துவிட்டாலும் நிரல் அறியாது. இத்தகைய சாதனத்துக்குத் திரையில் பச்சை நிறத்தில் ‘இயங்குகிறது’ எனக் காட்டும் நிரலகம் பயனரிடம் பொய் சொல்கிறது எனலாம்.

கட்டளையின் வடிவமும் இதனுடன் தொடர்புடையது. ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லென் நிப்பர் இருவரும் 1999-இல், செயற்கைக்கோள் இணைப்பின்வழி எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய எம்.கியூ.டி.டி. நெறிமுறை, இன்று வீட்டுச் சாதனங்களில் பரவலாக வழங்குகிறது. அதன் மூன்று சேவைத்தரங்களுள் ஒன்று, செய்தி ‘குறைந்தது ஒரு முறை’ சேரும் என உறுதியளிக்கிறது. அதாவது இரு முறையும் சேரலாம். ‘இயக்கு’ என்ற கட்டளை இரு முறை சேர்ந்தால் தீங்கில்லை. ‘நிலையை மாற்று’ என்ற கட்டளை இரு முறை சேர்ந்தால் விளக்கு எரிந்து அணையும். எனவே நிரலகத்தின் பொது இடைமுகத்தில் ‘மாற்று’ என்ற வினை இடம்பெறாதிருப்பதே நன்று. அவ்வினையை மட்டுமே அறிந்த பழைய சாதனங்கள் உண்டு; அவற்றின் சிக்கல் குறிமுறைக் கூறுக்குள்ளேயே அடங்கவேண்டும்.

விசிறியின் வேகம் சிறிய சான்றாயினும் கற்பித்தலுக்கு ஏற்றது. பொது இடைமுகம் வேகத்தை விழுக்காட்டில் கூறும். சாதனமோ படிகளில் அறியும். ஆறு படி விசிறியில் முதற்படி 16.67 விழுக்காடு. அதை 17 என முழுமையாக்கி, திரும்பப் படியாக மாற்றும்போது மேல்நோக்கி முழுமையாக்கினால் 1.02 என்பது 2 ஆகிவிடும். பயனர் எதையும் தொடாமலே, நிலையைப் படித்து அப்படியே திரும்ப எழுதும் ஒரு விதி விசிறியை முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றிவிடும். படியிலிருந்து விழுக்காடு, விழுக்காட்டிலிருந்து படி என்ற சுற்று எப்போதும் தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும் என்பதைச் சோதனையாக எழுதிவைத்தால் இப்பிழை முதல் நாளிலேயே வெளிப்படும்.

மின்சாரம் திரும்பும் கணம்

மேற்கூறியவை வசதி சார்ந்தவை. நீரேற்று மோட்டாரில் சிக்கல் பாதுகாப்பு சார்ந்ததாகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டில் எவரும் இல்லாத வேளையில் திரும்புகிறது. மோட்டார் தானே ஓடத் தொடங்கவேண்டுமா?

தொலைவிலிருந்து மோட்டாரை இயக்கும் தேவை இந்தியாவில் வீட்டுக்கு முன்பே வயலில் உணரப்பட்டது எனலாம். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ என்னும் கைப்பேசிவழிக் கருவி, பம்புசெட்டை இயக்குவதோடு அங்கு மின்சாரம் உள்ளதா என்பதையும் உழவருக்குத் தெரிவித்தது. மின்சாரம் உண்டா என்ற வினாவுக்குத் தனி விடை தேவை என்பதை அவ்வடிவமைப்பு உணர்ந்திருந்தது. நகர்ப்புற வீடுகளுக்கான பல நிரலகங்களில் அவ்வுணர்வு இல்லை. சாதனம் மறுமொழி தராவிடில் ‘தொடர்பில் இல்லை’ என்று மட்டுமே அவை கூறும்.

மின்சாரம் திரும்பும்போது என்ன செய்யவேண்டும் என்பதைச் சாதனத்துக்குள்ளேயே அமைக்கும் வசதி நடப்புத் தரங்களில் உண்டு. மேட்டர் தரத்தின் இயக்கு–நிறுத்து தொகுதியில், தொடக்கத்தில் நின்றிருக்கவேண்டுமா, ஓடவேண்டுமா, முன்பிருந்த நிலைக்குத் திரும்பவேண்டுமா என்பதைக் குறிக்கும் பண்பு வரையறுக்கப்பட்டுள்ளது. டாஸ்மோட்டா என்னும் திறமூலச் சாதனநிரலிலும் இவ்வமைப்பு உண்டு; எதையும் மாற்றாமல் விட்டால் அது முன்பிருந்த நிலைக்கே திரும்பும். விளக்குக்கு அது பொருத்தம். மோட்டாருக்கு அதுவே தவறான இயல்புநிலை. ஆகவே நிரலகத்தின் திறன் விவரிப்பில் ‘மின்மீட்சி நடத்தை’ என்ற பண்பு கட்டாயமாக இடம்பெறவேண்டும். மோட்டார் என அறிவிக்கப்பட்ட சாதனத்தில் அது ‘நின்றிரு’ என அமையாவிடில், அச்சாதனத்தைப் பதிவுசெய்யவே நிரலகம் மறுக்கவேண்டும்.

ஓட்ட நேர வரம்பும் அவ்வாறே. ‘இருபது நிமிடம் ஓட்டி நிறுத்து’ என்ற விதியை மையக் கணினி காலம் பார்த்து நிறைவேற்றுவதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் நிமிடத்தில் வீட்டுத் திசைவி மட்டும் செயலிழந்தால் ‘நிறுத்து’ என்ற கட்டளை போய்ச் சேராது, மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். எனவே இயக்கும் கட்டளையுடனேயே வரம்பும் சாதனத்துக்குச் செல்லவேண்டும். வரம்பை ஏற்கும் திறன் சாதனத்தில் இல்லையெனில், நிரலகம் அதை மையத்தில் இருந்துகொண்டு போலியாகச் செய்துகாட்டாமல், ‘இத்திறன் இல்லை’ என மேலே அறிவிக்கவேண்டும். இல்லாத திறனை உள்ளது போலக் காட்டும் இடைமுகம் கூறுநிலை வடிவமைப்பின் பெயரால் செய்யப்படும் மிகப் பெரிய தவறு.

காலமும் நம்பத்தக்கதன்று. மலிவான கட்டுப்பாட்டுச் சில்லுகளிலும், நான்காம் தலைமுறை வரையிலான ராஸ்பெர்ரி பை கணினிகளிலும் மின்கலத்துடன் கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் திரும்பியும் இணையம் திரும்பாத இடைவெளியில், பல சில்லுகள் 1970 ஜனவரி 1 முதல் எண்ணத் தொடங்கும். ராஸ்பெர்ரி பை தான் கடைசியாக நினைவில் வைத்த நேரத்திலிருந்து தொடரும். இரண்டாவது பிழை நம்பத்தகுந்த தோற்றம் கொண்டதால் கண்டறிவது கடினம். கால அளவைகளுக்கு ஒருபோதும் பின்செல்லாத உள் எண்ணியும், நாள்–மணி சார்ந்த விதிகளுக்கு ‘நேரம் உறுதியாயிற்று’ என்ற முன்நிபந்தனையும் தேவை. காலத்தைத் தனிக் கூறாக வைத்தாலன்றி இவ்விரண்டையும் ஓரிடத்தில் செயற்படுத்த இயலாது.

இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள் கட்டளை செல்லவேண்டும் என்பதற்குப் புயல் மட்டும் காரணமன்று. ரிவால்வ் என்னும் இல்லக் கட்டுப்பாட்டு மையத்தை 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016-இல் அதன் சேவையை நிறுத்தியபோது, அக்கருவி பயனற்ற பெட்டியாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. தொடர் முனையம் வழியே உள்ளகக் கட்டுப்பாட்டை அமைத்திருந்த பயனர்களின் வீடுகள் மட்டும் பழையபடி இயங்கின. கடத்திக் கூறு தனியே பிரிக்கப்பட்டிருந்தால், மேகக்கணிமை வழிக்குப் பதில் உள்ளக வழியை மாற்றி வைப்பது ஒரு கூறின் மாற்றம்தான். கடத்தி நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் உண்டு: இசட்-வேவ் சாதனங்கள் இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் கருவி காரைக்கால் வீட்டில் பேசாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

பெயரும் கட்டளையும்

சாதனங்களுக்குத் தமிழில் பெயரிட எம்.கியூ.டி.டி. தடையாக இல்லை, அதன் தலைப்புச் சரங்கள் ஒருங்குறியை ஏற்கும். ஆனால் ‘மோட்டார்’ என்ற பெயரை இரு வழிகளில் குறியேற்ற முடியும். ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் நிகரானவை என வரையறுத்துள்ளது. கண்ணுக்கு வேறுபாடு இல்லை. எண்ம அளவில் அவை வேறு சரங்கள். பழைய எழுத்துருக் குறியேற்றங்களிலிருந்து செம்மையின்றி மாற்றப்பட்ட பெயர்ப் பட்டியல்களில் இரண்டாம் வடிவம் காணப்படும். திறன்பேசியில் ஒரு வடிவமும் மையக் கணினியில் மற்றொரு வடிவமும் பதிவாகியிருந்தால், கட்டளை பிழைச்செய்தி ஏதுமின்றி வேறொரு தலைப்புக்குச் சென்று மறையும். பெயரைப் பெறும் வாயிலிலேயே இயல்பாக்கம் செய்தால் இச்சிக்கல் தீரும். ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டெழுதும் வழக்கம் இயல்பாக்கத்தால் தீராது. ஒருங்குறியின்படி அவை நிகரானவையல்ல. அதற்குத் தமிழுக்கே உரிய தனி விதி வேண்டும். இவை அனைத்தும் பெயர்க் கூறின் பொறுப்பு. சாதனத்தின் உள் அடையாளம் எண்ணாகவே இருக்கட்டும். பெயர் அதன் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே.

வாய்மொழிக் கட்டளைக்கு வரும்போது மொழியின் அமைப்பே வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது. ‘விளக்கு’, ‘கூடம்’ எனப் பதிவான சொற்கள் கட்டளையில் ‘கூடத்து விளக்கை’ என வருகின்றன. அத்துச் சாரியையும் இரண்டாம் வேற்றுமை உருபும் களையப்பட்டால்தான் பட்டியலிலுள்ள சொல் கிடைக்கும். ‘கொல்லை விளக்கு’, ‘கொல்லையில இருக்கிற லைட்டு’, ‘கொல்லைப்புற விளக்கு’ மூன்றும் ஒரே பொருளைச் சுட்டுவன. வினைகளிலும் நேருக்கு நேர் பொருத்தம் இல்லை. விளக்கு, விசிறி, மோட்டார் மூன்றுக்கும் ‘போடு’ வழங்கும். ‘அணை’ விளக்குக்கே உரியது. ‘நிறுத்து’ விசிறிக்கும் மோட்டாருக்கும் இயல்பானது. பூசைவிளக்கைப் பற்றிப் பேசும்போது ‘அணை’ என்னும் சொல்லைத் தவிர்த்துக் ‘குளிர வை’ என்பாரும் உளர். ஆங்கில வார்ப்புருவில் ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு கட்டளை என வைத்து, அதன் மேல் தமிழ்ச் சொற்களை நிரப்பும் மொழிபெயர்ப்புக் கோப்பு இதைத் தாங்காது. உருபனியல் பகுப்பு, வினைச்சொல்லைத் திறனுடன் இணைத்தல் ஆகிய இரண்டும் மொழிக் கூறினுள் நடந்து, அதிலிருந்து ‘சாதனம், திறன், மதிப்பு’ என்ற மூன்று மட்டுமே வெளிவரவேண்டும். கணினித் தமிழ் ஆய்வாளர்கள் நேரடியாகப் பங்களிக்கக்கூடிய இடம் இதுவே.

எல்லைக்கு அப்பால் ஒரு கட்டணம்

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே. எனினும் மின்கட்டணத்தை ஒன்றிற்குக் கோவா மற்றும் ஒன்றியப் பகுதிகளுக்கான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும், மற்றொன்றிற்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் நிர்ணயிக்கின்றன. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பும், முதல் 100 அலகுக்குக் கட்டணமின்மையும் நடைமுறை. நுகர்வைக் கணக்கிட்டு எச்சரிக்கும் நிரலில் இவ்விதி நேரடியாக எழுதப்பட்டிருந்தால், எல்லைக்கு இப்பாலுள்ள வீட்டில் அது பிழையான தொகையைக் காட்டும். மாறும் முடிவை மறைத்துவை என்ற பார்னாசின் அறிவுரைக்கு இதைவிடத் தெளிவான நில அடையாளம் கிடைப்பது அரிது.

சோதனை முறை

கடத்திக் கூறு தனித்து நிற்பதன் உடனடிப் பயன் சோதனையில் தெரியும். உண்மைக் கடத்திக்குப் பதிலாக ஒரு போலிக் கடத்தியை வைத்து, செய்தியைத் தாமதப்படுத்தலாம், இரட்டிப்பாக்கலாம், விழுங்கிவிடலாம். மோட்டார் ஓடும்போது இணைப்பை அறுத்தல், மின்சாரம் திரும்பியும் நேரம் உறுதியாகாதிருத்தல், ‘நிறுத்து’ மட்டும் தொலைதல், ஒரே ‘இயக்கு’ இரு முறை சேர்தல் ஆகிய நான்கு நிகழ்வுகளையாவது ஒவ்வொரு திருத்தத்தின் போதும் தானாக ஓட்டிப் பார்க்கவேண்டும். இதற்கு மோட்டாரோ தொட்டியோ தேவையில்லை. ஆய்வகத்திலுள்ள ஒரு கணினி போதும்.

இச்சோதனைகள் அனைத்திலும் தேறிய நிரலகமும் தொட்டியின் மிதவைச் சுவிட்சுக்கும், மோட்டாரின் மிகைச்சுமைக் காப்புக்கும் மாற்றாகாது. கடலுப்புக் காற்றில் ரிலேயின் தொடுமுனைகள் அரிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டால் எந்தக் கட்டளையும் அவற்றைப் பிரிக்காது. அவ்விரு காப்புகளும் நிரலகத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, மோட்டாரின் மின்சுற்றில் நேரடியாக இணைந்திருக்கவேண்டும் என்பதை நிரலகத்தின் பயன்பாட்டுக் குறிப்பிலேயே, நிறுவும் முறைக்கு முன்னதாக எழுதுவது தகும்.